மியுண்டன்: ஆற்றுவழியைக் கையில் வைத்திருந்த ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியின் நடுப்பகுதியில் வெர்ரா, ஃபுல்டா என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் மியுண்டன் என்ற சின்ன ஊர் இருக்கிறது. கூடிய பிறகு இரண்டு பெயரும் போய்விடும். அங்கிருந்து வட கடல் வரை அது வேசர் ஆறு. அதைப் பாடும் கவிதையோடு 1899-ல் கூடுதுறையில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் அந்தக் கல்லையும், மரச்சட்டம் கோத்துக் கட்டிய பழைய வீடுகளையும் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அப்படி 700-க்கு மேற்பட்ட வீடுகள்! அவற்றைக் கட்டக் காசு எப்படி வந்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

1247-ல் ஊருக்கு ஓர் உரிமை கிடைத்தது. ஆற்றில் வரும் சரக்கை வணிகர்கள் இங்கே இறக்கி, ஊராருக்கு விற்பனைக்கு வைக்க வேண்டும். அப்புறம்தான் பயணம். மூன்று ஆறுகளின் வழியும் ஊர் வாசலில் இருக்கும்போது யார் தப்ப முடியும்?

தப்பப் பார்த்தவர் ஒருவர் உண்டு. உங்கள் அடுப்பில் விசில் அடிக்கிறதே குக்கர், அதற்கு மூதாதையான கலத்தை 1679-ல் செய்து காட்டிய பிரெஞ்சுக்காரர் டெனி பப்பான். ஆவி மிஞ்சினால் எடையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் வால்வும் அவர் யோசனைதான். ஃபுல்டா கரையில் காஸல் நகரத்தில் வேலை பார்த்தவர், 1707-ல் லண்டனுக்குக் கிளம்பினார். துடுப்புச் சக்கரம் வைத்த படகு, அதில் குடும்பம், தட்டுமுட்டுச் சாமான். அது நீராவிப் படகு என்று பலர் எழுதிவிட்டார்கள். இல்லை, சக்கரத்தைச் சுற்றியது மனிதக் கைகள். மியுண்டனைக் கடக்க அனுமதி வாங்கித்தரத் தத்துவஞானி லைப்னிட்ஸே முயன்றார். கிடைக்கவில்லை. பப்பான் துணிந்து வந்தார். படகோட்டிகள் சங்கத்தார் படகைப் பிடித்து உடைத்துப்போட்டார்கள். படகில்லாமல் லண்டன் போய்ச் சேர்ந்தவர், அங்கே வறுமையில் இறந்தார்.

எனக்கு அவர்மேல் இரக்கம் உண்டு. ஆனால் அந்தப் படகோட்டிகளையும் நினைக்கிறேன். ஒருவரை விட்டால் நாளை எல்லாரும் போவார்கள்; ஆற்றை நம்பிய பிழைப்பு அவர்களுடையது.

நேரம் முடிகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். மியுண்டனின் பிடியிலிருந்து தப்ப, காஸல் ஆட்சியாளர் கார்ல் 1699-லேயே டீமல் ஆறு வேசரில் கலக்கும் இடத்தில் புது ஊர் கட்டினார். அதுதான் கார்ல்ஸ்ஹாஃபன். அங்கிருந்து காஸலை நோக்கிக் கால்வாய் வெட்டத் தொடங்கினார். 1730-ல் அவர் இறந்ததும் வேலை நின்றது. படகுத்துறைக் குளம் இன்றும் ஊர் நடுவில் இருக்கிறது. வணக்கம்.