ஸ்டவுட் ஏன் இவ்வளவு கருப்பு? மூன்று கிளாஸில் ஒரு குளிர்காலம்

இந்த இரண்டு கிளாஸையும் பாருங்கள். இரண்டும் ஸ்டவுட் என்ற வகை பியர், இரண்டும் கருப்பு. விளக்குக்கு நேராகப் பிடித்தால் ஓரத்தில் மட்டும் மாதுளைச் சிவப்பு. இது டப்ளினின் கின்னஸ் டிராஃப்ட், ஆல்கஹால் 4.2 சதவீதம். அது இலங்கையின் லயன் ஸ்டவுட், 8.8! நிறத்துக்கும் போதைக்கும் சம்பந்தமே இல்லை. அப்படியானால் இந்தக் கருப்பு எங்கிருந்து வந்தது?

வரலாற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1700-களில் லண்டன் சுமைதூக்கிகள் விரும்பிக் குடித்த பியர் போர்ட்டர். அதில் காட்டமானது ஸ்டவுட் போர்ட்டர். பிறகு ஸ்டவுட் என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சரி, எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் பழுப்பாக வாட்டிய மால்ட்டில், அதாவது முளைகட்டிய பார்லியில், இதைக் காய்ச்சினார்கள். ஆல்கஹாலாக மாறும் சர்க்கரை அதில் குறைவாகத்தான் இறங்கும். 1817-ல் டேனியல் வீலர், காப்பிக்கொட்டை வறுப்பதுபோல மால்ட்டைச் சுழலும் இரும்பு உருளையில் போட்டுக் கருக்கக் காப்புரிமை வாங்கினார். இந்தக் கருப்பு மால்ட் கொஞ்சம் போதும், அண்டா முழுக்கக் கருத்துவிடும். மிச்சமெல்லாம் சர்க்கரை நிறைய தரும் வெளிர் மால்ட். என்ன அருமையான யோசனை!

இதோ என் கையில் வறுத்த பார்லி. கடித்துப் பார்க்கிறேன். முதலில் காப்பித்தூள் அரைக்கும் கடை வாசனை, பின்னாலேயே அடிபிடித்த வெல்லப்பாகின் கசப்பு. இதில் காப்பி ஒரு துளிகூட இல்லை மக்களே!

மூன்றாவது கிளாஸ், குளிர்கால ஸ்டவுட். லண்டனிலிருந்து ரஷ்யப் பேரரசி கேத்தரினின் அவைக்குக் கப்பலேறிய காட்டமான ஸ்டவுட்தான் இதன் மூதாதை. இந்த வகைக்கு இம்பீரியல், அதாவது பேரரசுக்குரிய, ஸ்டவுட் என்ற பெயரும் அதனால்தான். இன்று சிகாகோவின் கூஸ் ஐலண்ட் பியர் ஆலை நவம்பர்தோறும் பர்பன் கவுண்டி ஸ்டவுட்டை இறக்குகிறது. பர்பன் விஸ்கியைப் புதிய, உள்ளே கருக்கிய ஓக் பீப்பாயில்தான் ஊறவைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் ஒருமுறை பயன்படுத்திக் காலியான பீப்பாய்கள் ஸ்டவுட்டை ஊறவைக்க வருகின்றன.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் குடித்தபோது எரிச்சல் மட்டும்தான் தெரிந்தது. அரை மணி நேரம் வெளியே வைத்தேன். இப்போது வெனிலா, தேங்காய், அப்புறம் அச்சு அசல் கருப்பட்டி! தேங்காய் வாசம் ஓக் மரத்தின் கொடை.

இதையெல்லாம் ஐஸ்போல் குளிரவைத்துக் குடிக்காதீர்கள், ப்ளீஸ். ஒரு பாட்டிலை நான்கு பேர் பிரித்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுபவர் மோந்து பார்ப்பதோடு சரி. உங்களுக்கும் கருப்பட்டி வாசம் வந்ததா? கமெண்டில் சொல்லுங்கள்.