அடைக்கலம் கொடுத்தவள்

(குடியாத்தம் பகுதி ஊராட்சிகளின் மகளிர் குழுப் பிரதிநிதிகளுக்குப் பெண்கள் மீதான வன்முறையைத் தடுப்பது பற்றி நடந்த இரண்டு நாள் பயிற்சியின் கடைசி அமர்வில் பேசியது. பேச்சிலிருந்து எழுத்துக்கு.)

வந்திருக்கிற அக்கா தங்கச்சிகள் எல்லாருக்கும் வணக்கம். பின்னால் குஸ்கா இறக்கிவிட்டார்கள், வாசனை மேடை வரைக்கும் வருகிறது. இந்த நேரத்தில் மைக்கைப் பிடிக்கிறவளை யாருக்கும் பிடிக்காது. தெரிந்துதான் பிடித்திருக்கிறேன்.

ரெண்டு நாளாகச் சட்டம், பிரிவு, படிவம் என்று நிறையக் கேட்டுவிட்டீர்கள். நான் நம்ம ஊர்க் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அம்மன் தலை ஊர்வலம். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து சிரசு புறப்பட்டுக் கோபாலபுரம் போய்ச் சேர்வதற்குள் தெரு முழுக்கத் தேங்காய்ச் சில்லு. நம்மில் பாதிப் பேர் அந்தக் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவர்கள். சரி, அது யார் தலை? ரேணுகையின் தலை. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஒரு கணம் மனசு தடுமாறிவிட்டாள் என்று புருஷனுக்குக் கோபம். பெற்ற மகனையே கூப்பிட்டு வெட்டச் சொன்னார்.

இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். நான் பேச நினைப்பது இன்னொருத்தியைப் பற்றி. உயிருக்குப் பயந்து ஓடிய ரேணுகை ஒரு வீட்டில் போய் ஒளிந்தாள். அந்த வீட்டுக்காரி, ஊர் ஒதுக்கிவைத்த சாதிக்காரி, குறுக்கே நின்று தடுத்தாள். அவளையும் சேர்த்து வெட்டினான் பரசுராமன். அப்புறம் உயிர் கொடுக்கும்போது தலை மாறிப்போனது. அதனால்தான் இன்றைக்கும் சிரசை அவள் உடம்பில் பொருத்திக் கண் திறக்கிறார்கள். கதையில் அவளுக்கென்று ஒரு பெயர் கிடையாது, சாதியைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள். அந்தச் சொல்லை நான் சொல்லப் போவதில்லை. சாமியைக் குறை சொல்லவும் வரவில்லை, நானும் கற்பூரம் ஏற்றுகிறவள்தான். ஆனால் இருபது வருஷம் குழு வேலை பார்த்த பிறகு, சிரசு போகும்போது என் கண் அந்த உடம்பைத்தான் தேடுகிறது. கதவைத் திறந்துவிட்டவள் அவள். தனியாக நின்றாள்.

இந்த ரெண்டு நாள் பயிற்சி அவளுக்காகத்தான் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் புருஷனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டு பேர் இருக்கிற குழுவில் நாலைந்து பேர். அடுத்த கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து சுற்றிப் பாருங்கள். அதே ஆய்வு இந்தியா முழுமைக்கும் இன்னொன்று சொல்கிறது: அடிபட்டவர்களில் உதவி கேட்டவர்கள் நூற்றுக்கு 14 பேர், யாரிடமும் வாயே திறக்காதவர்கள் 77 பேர். கேட்டவர்களிலும் பெரும்பாலோர் பிறந்த வீட்டைத்தான் கேட்டார்கள். போலீஸ் படி ஏறியவர்கள் ரொம்பக் கொஞ்சம். 1992இலேயே அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்த மாநிலம் நம்முடையது. இருந்தும் இப்படித்தான்.

அப்படி வாயைத் திறக்கிறவள் உங்களிடம் எங்கே திறப்பாள்? ஆபீஸில் இல்லை, கூட்டத்தில் சத்தியமாக இல்லை. திண்ணையில். நாலு பேர் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும்போது கை தன் வேலையைப் பார்க்கும், யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. இலையை வெட்டுவது, தூளை வைத்துச் சுருட்டுவது, நூலைச் சுற்றுவது, அதற்கு நடுவில்தான் அந்தப் பேச்சு வரும். என் முதல் கேஸ் அப்படித்தான் வந்தது. ஊர், வருஷம், குடும்ப விவரமெல்லாம் மாற்றிச் சொல்கிறேன், அவளிடம் அனுமதியும் வாங்கியாயிற்று. நூல் கட்டும்போது வலது கைக் கட்டை விரலை மடக்காமல் கட்டிக்கொண்டிருந்தாள். "இன்னாடி விரலு?" என்றேன். "கதவுல மாட்டிக்கிச்சுக்கா" என்றாள். நாலு கட்டு கட்டி முடித்தாள். "கதவ அவருதான் சாத்துனாரு" என்றாள். தலையைத் தூக்கவே இல்லை.

நான் அப்போது புதுசாக ஊக்குநர் ஆனவள். ரத்தம் கொதித்தது. அன்றைக்குச் சாயங்காலமே ஐந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தெருவே வேடிக்கை பார்க்க அந்த ஆளை வாங்கு வாங்கென்று வாங்கினோம். கையைக் கட்டிக்கொண்டு, "தப்புதான்மா, இனிமே நடக்காது" என்றான். ஜெயித்துவிட்டோம் என்று டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். அன்றைக்கு ராத்திரி அவளுக்கு விழுந்த அடி அதுவரைக்கும் விழாத அடி. முறத்தை உடைத்து, நனைத்து வைத்திருந்த இலையைச் சாக்கடையில் கொட்டினான். தெருவில் அவமானப்பட்டவன் கதவைச் சாத்திவிட்டு அவளிடம்தான் கணக்குத் தீர்ப்பான் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அவள் பன்னிரண்டு வாரம் கூட்டத்துக்கு வரவில்லை. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? வராததற்கு வாரத்துக்கு அஞ்சு ரூபாய் அபராதம் போட்டோம். விதி அப்படி. திரும்பி வந்த அன்றைக்கு அறுபது ரூபாயைச் சில்லறையாக எண்ணி வைத்துவிட்டுத்தான் பாயில் உட்கார்ந்தாள்.

இந்தக் குழுக்களெல்லாம் பணத்தை எண்ணுவதற்காகப் பிறந்தவை. 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பித்தபோது சேமிப்பும் கடனும்தான் பேச்சு. ஆகவே நமக்குக் கணக்குப் புத்தி உண்டு, தீர்மானப் புத்தகம் உண்டு, பஞ்சாயத்து பேசும் வாய் உண்டு. அடிபட்டவள் வந்து நிற்கும்போது இந்த மூன்றையும் ஓரமாக வைக்க வேண்டும். அதற்குத்தான் பயிற்சி.

வாயிலிருந்து ஆரம்பிக்கிறேன். நேற்று நடித்துப் பார்த்தீர்களே, அதில் தலைவியாக நடித்த அக்கா நல்ல மனசோடுதான் கேட்டார்: "நீ எதுனா எதுத்துப் பேசுனியா?" மனைவியாக நடித்த பெண் அதோடு பேச்சை நிறுத்திவிட்டது. நடிப்புதான், ஆனால் அதற்குமேல் அவளுக்கு வசனம் வரவில்லை, பார்த்தீர்களா? அடிக்கிற கைதான் அணைக்கும், ரெண்டு கை தட்டினால்தான் ஓசை, புள்ளைங்க முகத்தைப் பார்த்துப் பொறுத்துப்போ. நம் நாக்கில் இதெல்லாம் தயாராக இருக்கிறது, யோசிக்காமலே வரும். அதற்குப் பதிலாக வேறு மூன்று வாக்கியத்தைப் பழக்கிக்கொள்ளுங்கள். "நீ சொல்றத நான் நம்புறேன்." "இது உன் தப்பு இல்ல." "இப்ப உனக்கு இன்னா வேணும்?" மூன்றாவதுதான் கஷ்டம். அவள் கேஸ் போட வேண்டாம் என்பாள், அவரை விட்டு வர மாட்டேன் என்பாள், ராத்திரி ஒரு நாள் படுத்துக்கொள்ள இடம் கொடு என்பாள். நமக்குப் பிடிக்காது. ஆனாலும் அவள் கேட்டதைத்தான் செய்ய வேண்டும். அவள் வீட்டு ராத்திரி எப்படி என்று அவளுக்குத்தான் தெரியும்.

அடுத்தது தீர்மானப் புத்தகம். ஒரு குழுவில் நான் கண்ணால் பார்த்தது: "தீர்மானம் 4: இன்னாருடைய குடும்பத் தகராறு பற்றி விவாதிக்கப்பட்டது." கீழே பன்னிரண்டு கையெழுத்து. அந்தப் புத்தகம் தலைவி வீட்டு டிவி மேல் கிடக்கும். அவர் வீட்டுக்காரர் படிப்பார், தணிக்கைக்கு வருகிறவர் படிப்பார், பாங்கில் படிப்பார்கள். அவள் பேரை எங்கேயும் எழுதாதீர்கள். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் அது குடும்ப வன்முறைச் சட்டப்படி இருக்கிற பாதுகாப்பு அலுவலரிடம் போகிற அறிக்கையில் மட்டும், அவள் சம்மதத்தோடு. இந்த ரகசியத்துக்கு ஒரு விலக்கு இருக்கிறது. பதினெட்டு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012ஆம் வருஷத்து போக்சோ சட்டப்படி நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. அங்கே குடும்ப மானம், ஊர்ப் பெரியவர் பேச்சு எதுவும் செல்லாது.

சட்டத்தை வக்கீல் அம்மா விளக்கிவிட்டார், நான் உங்களுக்குக் கைக்கு உதவுவதை மட்டும் சொல்கிறேன். குடும்ப வன்முறைச் சட்டம் 2005இல் வந்து 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் நான்காவது பிரிவு உங்களுக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும். வன்முறை நடக்கிறது என்று நல்லெண்ணத்தோடு தகவல் சொல்கிறவர் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது. "நம்ம மேல கேஸ் திரும்பிடும்" என்ற பயம்தான் நம் குழுக்களில் முக்கால்வாசி வாயை அடைக்கிறது. அடுத்தது, வீடு. அவள் பேரில் பட்டா இல்லாவிட்டாலும், வீடு மாமியார் பேரிலேயே இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் அவளுக்கு இருக்க உரிமை உண்டு. 2020இல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது. முதல் விசாரணை பொதுவாக மூன்று நாளுக்குள், வழக்கை முடிப்பது அறுபது நாளுக்குள் என்று சட்டம் சொல்கிறது. நடப்பது உங்களுக்கே தெரியும், அதனால் அந்த அறுபதை அவளிடம் வாக்குறுதியாகச் சொல்லிவிடாதீர்கள். ஆனால் பாதுகாப்பு உத்தரவு கையில் வந்த பிறகு அவன் மீறினால் ஒரு வருஷம் வரை ஜெயில், இருபதாயிரம் வரை அபராதம். புருஷன் மட்டுமில்லை, மகன் அடிக்கிற தாய்க்கும் இதே சட்டம்தான். கிழவிகளை நாம் மறந்துவிடுகிறோம்.

பணத்தைப் பிடுங்குவதும் இந்தச் சட்டத்தில் வன்முறைதான். நம் குழுக்கள் தடுக்கக்கூடிய ஒரே வன்முறை இதுவாகத்தான் இருக்கும், ஏனென்றால் பணம் நம் கையைத் தாண்டித்தான் போகிறது. கடன் அவள் பேரில், தவணை அவள் தலையில், பணம் அவன் பாக்கெட்டில். நாம் என்ன செய்கிறோம்? தவணை வரவில்லை என்றால் பத்துப் பேர் போய் அவள் வாசலில் உட்காருகிறோம். அன்றைக்கு ராத்திரி அவளுக்கு யாரால் அடி விழுகிறது என்று கொஞ்சம் யோசியுங்கள். தடுப்பு என்றால் தொப்பி போட்டுக்கொண்டு பதாகையோடு பேரணி போவது என்று, பெண்கள் மீதான வன்முறை ஒழிப்பு நாளான நவம்பர் 25 வந்தால் ஆரம்பித்துவிடுகிறோம். போகட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அதைவிட, கடன் கொடுக்கும் முன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தப் பணம் யார் கையில் இருக்கும்?" என்று கேட்பது பெரிய தடுப்பு. அவள் தயங்கினால் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் ஆஸ்பத்திரி. எங்கெங்கிருந்தோ ரயிலேறி வைத்தியத்துக்கு வரும் வேலூர் மாவட்டம் நம்முடையது. நம் பெண்கள் மட்டும் ஓபி சீட்டில் "வழுக்கி விழுந்தேன்" என்று எழுதிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். கூடப் போகிறவர் நீங்களாக இருந்தால், டாக்டரிடம் உள்ளதைச் சொல்லலாம் என்று அவள் காதில் போடுங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் அந்தச் சீட்டுதான் சாட்சி. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவளுக்கும் ஆசிட் பட்டவளுக்கும் எந்த ஆஸ்பத்திரியும், தனியாராகவே இருந்தாலும், காசு வாங்காமல் உடனே வைத்தியம் பார்க்க வேண்டும். "முதலில் போலீஸில் சொல்லிவிட்டு வா" என்று திருப்பி அனுப்பக் கூடாது. ராத்திரி எந்த நேரமானாலும் பெண்கள் உதவி எண் 181. ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஐந்து நாள் வரை தங்கவைப்பார்கள், அங்கேயே மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி. மலை ஊர்களிலிருந்து வந்திருப்பவர்கள் கேட்கலாம், ராத்திரி பதினோரு மணிக்கு எப்படிக் கீழே இறங்குவது என்று. நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் இருக்கும் பதில், விடிகிற வரைக்கும் அவள் படுக்க எந்த வீடு என்பதை அடி விழுவதற்கு முன்பே முடிவு செய்து வைப்பதுதான்.

ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் பிரச்சினை தனி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாலியல் தொல்லையை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், அதற்குக் குறைவென்றால் மாவட்ட அளவில் குழு, புகார் மூன்று மாதத்துக்குள். 

கடைசியாகக் கேட்டுக்கொள்வது, தனியாகப் போகாதீர்கள். அவனிடம் நியாயம் கேட்கப் போகவே போகாதீர்கள். ஒவ்வொரு ஊராட்சியிலும் ரெண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள், ரெண்டு பேரும் ஒரே தெருவாக இருக்க வேண்டாம். தலைவி அடிக்கிறவனுக்கே அத்தையாக இருப்பாள், நம் ஊரில் அது சகஜம். அப்படி வந்தால் இன்னொருத்தியிடம் போகட்டும்.

விரல் நசுங்கிய அந்தப் பெண் பிற்பாடு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து, "இத உங்கூட்ல வெச்சிருக்கா, எப்பன்னு கேக்காத" என்றாள். ஆதார், ரேஷன் கார்டு நகல், பீடி பாஸ் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ரெண்டு செட் துணி. பரணில் போட்டேன். தீபாவளி போனது, பொங்கல் போனது, நான் மறந்தே போனேன். பதினோரு மாதம் கழித்து, காலை நாலரை மணி இருக்கும், கதவு தட்டும் சத்தம். ரெண்டு பிள்ளைகளோடு நின்றாள். நாற்காலி போட்டுப் பையை இறக்கி, தூசி தட்டிக் கொடுத்தேன். டீ வைக்கட்டுமா என்றேன். முதல் பஸ் போய்விடும் என்றாள். எங்கே போனாள், இப்போது எங்கே இருக்கிறாள் என்றெல்லாம் நீங்கள் கேட்கக் கூடாது, நானும் சொல்லக் கூடாது. அலமாரியில் கையை விட்டு ஒரு அறுபது ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். எதற்கென்று நான் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள், முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கிவிட்டாள்.