இரவில் போடும் சாலை

வணக்கம் நேயர்களே. நம் சிங்கப்பூரில் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை பால்குடம் எடுத்து நடந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். எங்கே தார் வழுவழுவென்று இருக்கிறது, எங்கே ஜல்லி குத்துகிறது என்று உள்ளங்காலே சொல்லிவிடும். நான் முப்பது வருடம் சாலை போடும் வேலையில் மேற்பார்வையாளராக இருந்தவன். அந்தப் பாதையில் வெறுங்காலோடு நடக்கும்போதெல்லாம் என் கண் தரையில்தான் இருக்கும்.

நம் ஊரில் சாலைக்கு மேல்பூச்சு மாற்றும் வேலை பெரும்பாலும் இரவில் நடக்கும். பகலில் ஒரு தடத்தை மூடினால் நெரிசல் எங்கேயோ போய் நிற்கும். அதனால் நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில் நாங்கள் கூம்புகளை வைத்துத் தடத்தை மூடுவோம். மில்லிங் இயந்திரம் பழைய மேல்பூச்சைச் சுரண்டி லாரியில் கொட்டும். தூசியைக் கூட்டி எடுத்துவிட்டு, புதுப் பூச்சு ஒட்டிக்கொள்வதற்காகத் தார் தெளிப்போம். அப்புறம் பிரீமிக்ஸ் வரும். ஜல்லியும் மணலும் தாரும் கலந்த சூடான கலவை அது. ஏறக்குறைய 150 டிகிரி செல்சியஸில் இருக்கும். தார்ப்பாய் போட்டு மூடித்தான் கொண்டுவருவார்கள். சூடு ஆறுவதற்குள் பரப்பி, ரோலர் ஓட்டி அழுத்திவிட வேண்டும். ஆறிப்போனால் எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் இறுகாது. உள்ளே சிறு சிறு இடைவெளி நின்றுவிடும், தண்ணீர் அதில்தான் நுழையும்.

சாலைக்கு எதிரி தண்ணீர்தான். மேலே ஒரு கீறல் விழுகிறது, மழைநீர் இறங்குகிறது, அடியில் இருக்கும் ஜல்லி படுகை இளகுகிறது. மேலே போகும் ஒவ்வொரு சக்கரமும் அந்த நீரை அழுத்திப் பிதுக்குகிறது. ஒருநாள் காலையில் பார்த்தால் குழி. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. டிசம்பர், ஜனவரி மழையில் குழிகள் கூடுவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு டிசம்பர் இரவு தூறல் ஆரம்பித்தது. லாரி நிறையப் பிரீமிக்ஸ் காத்திருந்தது. திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். விடிவதற்குள் தடத்தைத் திறக்க வேண்டுமே என்று போடச் சொல்லிவிட்டேன். சில மாதங்களில் அந்த இடம் தோசை பெயர்வதுபோலப் பெயர்ந்தது. அதற்குப் பிறகு தூறலில் ஒரு லாரியைக்கூட நான் இறக்கவிட்டதில்லை.

கனரக வண்டி செய்யும் சேதத்தை நாம் குறைத்தே எடைபோடுகிறோம். 1950களின் கடைசியில் அமெரிக்காவில் பெரிய சோதனை ஒன்று செய்தார்கள். வண்டியின் சக்கர அச்சின் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகிறது என்று அதில் தெரிந்தது. பேருந்து வந்து நின்று கிளம்பும் இடங்களில் பல இடத்தில் தாருக்குப் பதில் கான்கிரீட் போட்டிருப்பது அதனால்தான். தார் வெயிலில் இளகி, பிரேக் பிடிக்கப் பிடிக்க அலையலையாகத் திரண்டுவிடும்.

சாலை வேலை நம் மக்களுக்குப் புதிதல்ல. 1825இல் சுமத்ராவில் உள்ள பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகளை இங்கே கொண்டுவந்தார்கள். 1873 வரை நீடித்த அந்த ஏற்பாட்டில் காடு வெட்டியதும் கல் உடைத்ததும் சதுப்பில் மண் கொட்டிச் சாலை போட்டதும் அவர்கள் கைகள். கல்லுக்குப் புலாவ் உபின் தீவு இருந்தது. அங்கே இருந்த கடைசிக் குவாரியும் 1999இல் மூடிவிட்டது. இப்போது கல் கப்பலில் வருகிறது. இன்றும் இரவு வேலையில் நிற்கும் பையன்களில் பலர் புதுக்கோட்டைப் பக்கமும் தஞ்சாவூர்ப் பக்கமும் உள்ளவர்கள், பங்ளாதேஷ்காரர்கள். இரவில் அவர்களுக்கும் வண்டிகளுக்கும் நடுவில் ஒரு வரிசைக் கூம்புதான். மின்னும் அம்புக்குறியைப் பார்த்ததும் தயவுசெய்து வேகத்தைக் குறையுங்கள். பக்கத்தில் வண்டி சீறிக்கொண்டு போகும்போது காற்று முதுகில் அறைவதை நான் உணர்ந்திருக்கிறேன்.

இன்னொன்று. வீட்டருகே சாலையில் கீறலைப் பார்த்தால், குழியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். கீறலாக இருக்கும்போதே தாரை ஊற்றி அடைத்துவிடலாம், வேலையும் கொஞ்சம்தான். அரசாங்கத்தின் ஒன்சர்வீஸ் செயலியில் படம் எடுத்து அனுப்பலாம். அனுப்பும்போது பக்கத்து விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். ‘மார்க்கெட் பக்கத்தில்’ என்று எழுதினால் ஆட்கள் தேடி அலைய வேண்டும். கம்ப எண் இருந்தால் நேரே அந்தக் கீறலின் முன்னால் வந்து நிற்பார்கள்.