ஸ்கைப்பிலிருந்து வட்ஸ்அப் வரை: அழைப்பு எந்த வழியாகப் போகிறது?

[திரையில்: பழைய கணினி, வயர் சுற்றிய ஹெட்செட்]

வணக்கம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, கல்முனைப் பக்கத்துத் தாய் ஒருவர் கட்டாரில் வேலை செய்யும் மகனின் முகத்தைப் பார்த்துப் பேச விரும்பினால், வெள்ளிக்கிழமை மாலையில் கொமினிகேசன் கடைக்கு வந்து தன் முறைக்காகக் காத்திருப்பார். மகனும் அதே நேரத்தில் டோஹாவில் ஒரு கணினியின் முன் அமர்ந்திருக்க வேண்டும். படம் உறைந்து நின்றுவிட்டால், ஹெட்செட்டை இரு கைகளாலும் காதோடு அழுத்திக்கொண்டு, கடைக்கு வெளியே நிற்பவருக்கும் கேட்கும்படி "கேக்குதா மனே?" என்பார். பழைய செயலிகளையும் புதியவற்றையும் ஒப்பிடும்போது எல்லோரும் படத்தின் தெளிவைத்தான் பேசுகிறார்கள். இந்த வீடியோவில், அந்தக் குரல் எந்த வழியாகப் பயணித்தது என்பதைப் பார்ப்போம்.

[திரையில்: காலக்கோடு]

1996இல் ஐசிக்யூ, 1998இல் யாகூ, 1999இல் எம்எஸ்என் மெசஞ்சர் என்று எழுத்து உரையாடல்கள் முதலில் வந்தன. நண்பரின் பெயருக்கு அருகே விளக்கு எரிந்தால் அவர் கணினியின் முன் இருக்கிறார் என்று பொருள். இவை மூன்றும் இன்று இல்லை. கடைசியாக ஐசிக்யூ 2024 ஜூனில் மூடப்பட்டது.

2003இல் வந்த ஸ்கைப் வேறு வகையானது. அதன் அழைப்புகளைச் சுமந்தவை பெரும்பாலும் பாவனையாளர்களின் கணினிகளே. நல்ல இணைப்பும் நேரடி இணைய முகவரியும் கொண்ட கணினிகளை ஸ்கைப் தானாகவே 'சுப்பர்நோட்' ஆக்கிக்கொள்ளும். ரவுட்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மற்ற கணினிகள் அவற்றின் துணையோடு ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிக்கும். யாரோ ஒருவர் மாதக் கட்டணம் செலுத்தும் இணைப்பு, அவருக்கே தெரியாமல், முன்பின் அறியாத இருவருக்கு உதவிக்கொண்டிருந்தது என்பது இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. இந்த ஏற்பாடு நிறுவனத்தின் செலவைக் குறைத்தது, ஆனால் எளிதில் உடையக்கூடியது. 2010 டிசம்பர் 22ஆம் திகதி, விண்டோஸுக்கான ஒரு பதிப்பில் இருந்த பிழையால் பெருமளவு சுப்பர்நோட்கள் செயலிழக்க, உலகம் முழுவதும் ஸ்கைப் முடங்கியது. 2011இல் ஸ்கைப்பை 850 கோடி டொலருக்கு வாங்கிய மைக்ரோசொப்ட், அடுத்த ஆண்டிலேயே அந்தப் பொறுப்பைத் தன் சொந்தக் கணினிகளுக்கு மாற்றிக்கொண்டது.

அக்கால ஸ்கைப்பில் இன்னொரு குறையும் இருந்தது. நடுவில் செய்தியைப் பிடித்துவைக்க யாரும் இல்லாததால், இருவரும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருந்தால்தான் எழுதிய செய்தி போய்ச் சேரும். வட்ஸ்அப்பில் ஒற்றைச் சரி அடையாளம் தெரிந்தால், செய்தி நிறுவனத்தின் சேவையகத்தை அடைந்து, மறுமுனைக் கைத்தொலைபேசி உயிர்பெறும்வரை காத்திருக்கிறது என்று பொருள். நேரம் குறித்துக் கடைக்கு வரும் தேவையை இல்லாமல் செய்தது, என் பார்வையில், வீடியோவைவிட இந்தக் காத்திருப்புத்தான். ஆனால் ஸ்கைப்பில் உங்கள் பெயர் நீங்கள் தெரிந்தெடுத்தது. வட்ஸ்அப்பில் தொலைபேசி இலக்கமே உங்கள் அடையாளம். ஊருக்கு வந்து சிம்மை மாற்றியவர்கள் இந்த வேறுபாட்டை உடனே உணர்வார்கள்.

[திரையில்: முப்பது புள்ளிகள், அவற்றுக்கிடையே கோடுகள்]

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஸூம் எல்லா வீடுகளுக்குள்ளும் வந்தது. முப்பது பேர் ஒருவரோடொருவர் நேரடியாக இணைந்தால், ஒவ்வொருவரும் தம் படத்தை 29 முறை அனுப்ப வேண்டும்; எந்த வீட்டு இணைப்பும் அதைத் தாங்காது. ஸூம், மீட், டீம்ஸ் ஆகியவற்றில் ஒவ்வொருவரும் ஒரு முறை சேவையகத்துக்கு அனுப்பினால் போதும். அது மற்றவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். இலவசக் கணக்கின் 40 நிமிட எல்லையால் பாடம் பாதியில் அறுந்து, ஆசிரியர் மீண்டும் இணைப்பை அனுப்பிய நாட்களை மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வெளிநாட்டில் உறவினர் உள்ள நம் வீடுகளில் இமோவும் பரிச்சயமானது. அது தொடக்கத்தில் யாகூ, எம்எஸ்என், ஸ்கைப் கணக்குகளை ஒரே இடத்தில் திறக்க உதவிய இணையத்தளம். 2014இல் அந்த வேலையைக் கைவிட்டுத் தனிச் செயலியாக நின்றது. டுபாயில் வட்ஸ்அப் அழைப்புகள் நீண்டகாலமாகத் தடுக்கப்பட்டிருப்பதால், அங்கே இருப்பவர்களின் குடும்பத்தினர் பொட்டிம் போன்ற, அந்நாட்டு அனுமதி பெற்ற செயலிகளை வைத்திருக்கிறார்கள். எந்தச் செயலி சிறந்தது என்ற கேள்விக்கு, மகன் எந்த நாட்டில் இருக்கிறான் என்பதைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

[திரையில்: மழை, ஒற்றைக் கோடாகக் குறைந்த சிக்னல்]

ஸ்கைப் 2025 மே 5ஆம் திகதி மூடப்பட்டது. ஆனாலும் அது 2009இல் உருவாக்கிய 'சில்க்' என்ற குரல் சுருக்கமுறை, 2012இல் தரப்படுத்தப்பட்ட 'ஓபஸ்' முறையின் ஒரு பகுதியாயிற்று. உலாவி வழியாக நடக்கும் அழைப்புகளில் இன்றும் ஓபஸ்தான் பொதுவாகக் குரலைச் சுமக்கிறது. இணைப்பு நலிந்தால் ஓபஸ் விநாடிக்கு 6 கிலோபிட் வரை இறங்கிப் பேச வல்லது. வீடியோவுக்கோ பல நூறு கிலோபிட் வேண்டும். எனவே மாரிமழை நாட்களில் மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ படம் உறையத் தொடங்கினால், அழைப்பைத் துண்டித்து மீண்டும் எடுக்காமல், இதோ இந்தக் கமராப் பொத்தானை மட்டும் ஒரு முறை அழுத்துங்கள்.