சீரீஸ் பார்க்க உட்காருறதுக்கு முன்னாடி டிவியில மாத்த வேண்டியது என்னென்ன?

புது டிவி மாட்டியாச்சு, ரொம்ப நாளா பார்க்கணும்னு வெச்சிருந்த சீரீஸைப் போட்டாச்சு. ஆனா படம் ஏதோ ஷூட்டிங் ஸ்பாட்ல நின்னு வேடிக்கை பார்க்குற மாதிரி இருக்கு. பகல் சீன் கண்ணைக் கூசுது, ராத்திரி சீன்ல ஒண்ணுமே தெரியலை. பேசுறது காதுல விழலைன்னு வால்யூம் ஏத்தினா, அடுத்த நிமிஷம் ஒரு வெடி வெடிச்சு வீடே அதிருது. டிவி மட்டம்னு முடிவு கட்டிடாதீங்க. பத்துல ஒன்பது தடவை இது செட்டிங்ஸ் பிரச்சினைதான். ரிமோட்டைக் கையில எடுத்துக்கோங்க, ஒண்ணொண்ணா போவோம்.

முதல்ல பிக்சர் மோட். டிவியை முதல் தடவை ஆன் பண்ணும்போது வீட்டுல வைக்கப் போறீங்களா, கடையில வைக்கப் போறீங்களான்னு கேக்கும். தெரியாம கடைன்னு கொடுத்துட்டா வெளிச்சம் உச்சத்துல நிக்கும். சில மாடல்ல நீங்க மாத்துற செட்டிங்ஸ் கொஞ்ச நேரத்துல தானாவே பழையபடி ஆயிடும். "மாத்தினா நிக்கவே மாட்டேங்குது"ன்னா முதல்ல இதைத்தான் பார்க்கணும். அடுத்து விவிட், ஸ்டாண்டர்ட் ரெண்டையும் விட்டுட்டு மூவி இல்லைன்னா சினிமா மோடுக்குப் போங்க. ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தா இன்னும் நல்லது. டிவி கம்பெனிகளும் சினிமா ஸ்டூடியோக்களும் சேர்ந்த யூஎச்டி அலையன்ஸ்ங்கிற அமைப்பு 2019-ல அறிவிச்ச மோட் அது. தேவையில்லாத ஷார்ப்னஸ், மோஷன் வேலை எல்லாத்தையும் ஒரே அழுத்துல நிறுத்திடும்.

மாத்தின உடனே படம் மஞ்சளா, மங்கலா தெரியும். பயப்படாதீங்க. சீரீஸோட கலரைச் சரி பண்றவங்க வேலை செய்யுற மானிட்டர்ல வெள்ளைங்கிறது சுமார் 6500 கெல்வின் (வெள்ளையோட சாயலைச் சொல்ற அளவு). கடையில இருந்து வர்ற டிவியோட வெள்ளை அதைவிட நீலம் கலந்தது, நம்ம கண்ணு அதுக்குப் பழகிக் கிடக்குது. ரெண்டு மூணு நாள் விட்டுப் பாருங்க, அப்புறம் பழைய மோடுக்குப் போனா நீலம்தான் உறுத்தும்.

ஷார்ப்னஸ் ஏத்தினா தெளிவு கூடும்னு ஒரு நினைப்பு இருக்கு. சப்டைட்டில் வர்ற இடத்துல படத்தை நிறுத்தி, ஸ்கிரீன் பக்கத்துல போய் எழுத்தோட ஓரத்தைப் பாருங்க. எழுத்தைச் சுத்தி மெல்லிசா ஒரு கோடு, கோலத்துக்கு ரெட்டைக் கோடு போட்ட மாதிரி ஓடும். ஒளிபரப்புல அந்தக் கோடு கிடையாது, டிவி தானா வரையுறது. முகத்துலயும் அதே வேலைதான் நடக்குது, அதனாலதான் தோலெல்லாம் சொரசொரன்னு தெரியுது. அந்தக் கோடு மறையுற வரைக்கும் இறக்குங்க. ஆனா எல்லா டிவியிலயும் 0-க்கு இறக்கக் கூடாது. சோனியில 50தான் நடுநிலை, அதுக்குக் கீழ போனா படம் மங்கும். சாம்சங்ல 0 வரைக்கும் போகலாம்.

இங்க நிறைய பேர் தவற விடுற ஒரு விஷயம் இருக்கு. சாதாரணப் படத்துக்கு, எச்டிஆருக்கு (வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் விரிவா காட்டுற வகை), அதுலயே ஒரு வகையான டால்பி விஷனுக்குன்னு டிவி தனித்தனியா செட்டிங்ஸ் வெச்சிருக்கும். பல மாடல்ல ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும்கூட தனி. எச்டிஆர் ஓடிக்கிட்டு இருக்கும்போது மெனுவுக்குள்ள போனாதான் எச்டிஆர் செட்டிங்ஸ் மாறும். ஆக, மூணு வகையிலயும் ஒவ்வொரு எபிசோடைப் போட்டுட்டு மூணு தடவை மாத்தணும். ஒரு தடவை மாத்திட்டு "வேலைக்கு ஆகலை"ன்னு விட்டுடாதீங்க.

இப்ப முக்கியமான இடத்துக்கு வருவோம், மோஷன். அந்த ஷூட்டிங் ஸ்பாட் உணர்வு இங்க இருந்துதான் வருது. சினிமாவும் பெரும்பாலான சீரீஸும் ஒரு செகண்டுக்கு 24 ஃபிரேம். டிவி பேனல் 60 ஹெர்ட்ஸ் இல்லைன்னா 120 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு அத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கும். இடையில இருக்கிற இடைவெளியை நிரப்ப, ரெண்டு ஃபிரேமுக்கு நடுவுல இல்லாத ஒரு ஃபிரேமை டிவி கணக்குப் போட்டு உருவாக்குது. அதனால எல்லாம் வழுக்கிக்கிட்டுப் போகுது. ஸ்மூத்தா இருந்தா நல்லதுதானேன்னு கேட்டா, சீரீஸுக்கு நல்லதில்லைங்கிறதுதான் என்னோட பதில். ஒளியமைப்பு, கேமரா அசைவு, நடிப்பு எல்லாமே 24 ஃபிரேமுக்குன்னு திட்டமிட்டது. அதோட அந்தக் கணக்கு அடிக்கடி தப்பும். கம்பி வேலிக்குப் பின்னாடி ஒருத்தர் நடந்து போற சீனைப் பாருங்க, தலையைச் சுத்தி படம் கிழிஞ்சு கிழிஞ்சு ஒட்டும். வேகமா கையை வீசினா விரல் கரையும். 2018 டிசம்பர்ல டாம் க்ரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைச்சு வையுங்கன்னு கேட்டு ஒரு வீடியோவே போட்டாங்க.

இது ஒவ்வொரு கம்பெனியிலயும் ஒவ்வொரு பேர்ல ஒளிஞ்சிருக்கும். எல்ஜியில ட்ரூமோஷன். சாம்சங்ல பிக்சர் கிளாரிட்டி, பழைய மாடல்ல ஆட்டோ மோஷன் பிளஸ். சோனியில மோஷன்ஃபுளோ. பிக்சர் மெனுவுல அட்வான்ஸ்டு இல்லைன்னா எக்ஸ்பர்ட் செட்டிங்ஸ் உள்ள கிளாரிட்டி, மோஷன்னு ஏதாவது ஒரு தலைப்புக்குக் கீழ இருக்கும். அணைங்க. கிரிக்கெட், ஃபுட்பால் பார்க்கும்போது வேணும்னா அந்த மோட்ல மட்டும் வெச்சுக்கோங்க, அங்க உண்மையிலேயே உதவும்.

அணைச்சதும் சிலருக்கு வேற ஒரு தொந்தரவு தெரியும். கேமரா பக்கவாட்டுல மெதுவா திரும்பும்போது படம் தடுக்கித் தடுக்கிப் போகும். இதுக்கு ரெண்டு காரணம், ரெண்டுக்கும் மருந்து வேற.

முதல் காரணம் 60 ஹெர்ட்ஸ் கணக்கு. 60-ஐ 24-ஆல வகுத்தா ரெண்டரை வருது. அதனால ஒரு ஃபிரேமை மூணு தடவை, அடுத்ததை ரெண்டு தடவைன்னு மாத்தி மாத்திக் காட்டுறாங்க. ஒரு ஃபிரேம் 50 மில்லிசெகண்ட் நிக்குது, அடுத்தது 33 மில்லிசெகண்ட்தான். அந்த ஏத்த இறக்கம்தான் தடுக்கல். கடைசியில பேர் மேல ஏறுற இடத்துல கவனிச்சா நல்லாவே தெரியும். 120 ஹெர்ட்ஸ் பேனல்ல ஒவ்வொரு ஃபிரேமும் சரியா அஞ்சு தடவை வரும், பிரச்சினை இல்லை. ஆனா நீங்க ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கோ பாக்ஸோ மாட்டி அது எப்பவும் 60-லயே அனுப்பினா, 120 ஹெர்ட்ஸ் டிவி வாங்கினதோட பலன் முழுசா கிடைக்காது. ஆப்பிள் டிவியில வீடியோ அண்ட் ஆடியோ உள்ள மேட்ச் கன்டென்ட்னு இருக்கும், ஃபிரேம் ரேட், டைனமிக் ரேஞ்ச் ரெண்டையும் ஆன் பண்ணுங்க. ஃபயர் டிவியில டிஸ்பிளே செட்டிங்ஸ்ல மேட்ச் ஒரிஜினல் ஃபிரேம் ரேட். ஆன் பண்ணின பிறகு எபிசோடு தொடங்கும்போது ஒண்ணு ரெண்டு செகண்ட் ஸ்கிரீன் கறுப்பாகும். பழுது இல்லை, டிவி வேகம் மாத்திக்குது, அவ்வளவுதான்.

ரெண்டாவது காரணம் ஓஎல்இடி, ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிருற பேனல். அதுல பிக்சல் நொடியில மாறிடும். ஒரு ஃபிரேம் 42 மில்லிசெகண்ட் அசையாம நின்னு, டக்னு அடுத்ததுக்குத் தாவுது. எல்சிடியில பிக்சல் மெதுவா மாறுறதால அந்தத் தாவல் கொஞ்சம் பூசி மெழுகப்படும். ஓஎல்இடியில இது உறுத்துச்சுன்னா, மோஷன் செட்டிங்ஸ்ல தடுக்கலைக் குறைக்கிற டி-ஜடரை மட்டும் 10-க்கு 1 இல்லைன்னா 2 வையுங்க. எல்ஜி புது மாடல்ல சினிமேட்டிக் மூவ்மென்ட்னு ஒண்ணு இதுக்குன்னே இருக்கு. அதுக்கு மேல ஏத்தினா பழைய குறை திரும்பி வந்துடும்.

அடுத்து இருட்டு. 2019 ஏப்ரல்ல கேம் ஆஃப் த்ரோன்ஸ் எட்டாவது சீசனோட மூணாவது எபிசோடு, 'தி லாங் நைட்' வந்தப்போ ஒண்ணுமே தெரியலைன்னு உலகம் முழுக்க புகார். எடுத்ததே இருட்டாதான். அதோட ஸ்ட்ரீமிங் கம்ப்ரெஷன் இருண்ட பகுதியிலதான் முதல்ல கை வைக்கும், புகை, பனி எல்லாம் கட்டம் கட்டமா உடையும். அதை நம்ம பக்கத்துல சரி பண்ண முடியாது. ஆனா நம்ம பக்கத்துல இருக்கிற தப்பைச் சரி பண்ணலாம்.

இருட்டா இருந்தா ப்ரைட்னஸை ஏத்தாதீங்க. நிறைய டிவியில ப்ரைட்னஸ்னு போட்டிருக்கிறது கறுப்போட அளவு. அதை ஏத்தினா கறுப்பு சாம்பலாகி, படம் முழுக்க புகை படிஞ்சு நிக்கும். ஏத்த வேண்டியது பேக்லைட், இல்லைன்னா ஓஎல்இடி லைட். சோனியில தலைகீழ், ப்ரைட்னஸ்தான் வெளிச்சம், கறுப்புக்கு பிளாக் லெவல்னு தனியா இருக்கும். கூடவே எனர்ஜி சேவிங், லைட் சென்சார் ரெண்டையும் அணைங்க. அறை இருட்டானதும் படத்தையும் சேர்த்து இருட்டாக்குறது அந்த சென்சார்தான். டால்பி விஷன்ல ரெண்டு சினிமா மோட் இருக்கும். எல்ஜியில சினிமா, சினிமா ஹோம். விளக்கு எரியுற அறைன்னா சினிமா ஹோம் எடுங்க, விளக்கை அணைச்சுட்டுப் பார்த்தா சினிமா.

கம்ப்யூட்டரை டிவியில மாட்டிப் பார்க்குறவங்களுக்கு இதே குறை வேற வழியில வரும். கறுப்புல இருந்து வெள்ளை வரைக்கும் கம்ப்யூட்டர் 0 முதல் 255 வரைன்னு அனுப்புது, டிவி 16 முதல் 235 வரைன்னு எடுத்துக்குது. அப்ப இருண்ட பகுதி எல்லாம் ஒரே கறுப்பா அடைச்சுக்கும். தலைகீழா நடந்தா எல்லாம் வெளுத்துப் போகும். கிராபிக்ஸ் கார்டு செட்டிங்ஸ்ல அவுட்புட் ரேஞ்ச் ஃபுல்னா டிவி பக்கமும் ஃபுல், லிமிடெட்னா அங்கயும் லிமிடெட். ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போனா போதும்.

அந்த போர்ட்டுக்கு டிவி மெனுவுல பிசின்னு பேர் கொடுங்க. எல்ஜி, சாம்சங்ல அப்பதான் கலர் குறைக்காம 4:4:4-ல காட்டும். அதுக்கு முன்னாடி கறுப்புப் பின்னணியில சின்னச் சிவப்பு எழுத்து வெச்சுப் பாருங்க, ஓரமெல்லாம் கலங்கியிருக்கும். பிசின்னு மாத்தினதும் சுத்தமாகும். டாஸ்க்பார் ஸ்கிரீனுக்கு வெளிய போயிடுச்சுன்னா அது ஓவர்ஸ்கேன், டிவி ஓரத்தை வெட்டுது. ஜஸ்ட் ஸ்கேன் இல்லைன்னா ஃபிட் டு ஸ்கிரீன் எடுங்க. 4கே 60 ஹெர்ட்ஸுக்கு எச்டிஎம்ஐ கேபிள் செகண்டுக்கு 18 கிகாபிட் தாங்கணும், 4கே 120 ஹெர்ட்ஸுக்கு 48 கிகாபிட். தாங்கலைன்னா வெள்ளைப் புள்ளி மின்னும், இல்லைன்னா நடுநடுவுல ஸ்கிரீன் அணைஞ்சு எரியும். விலையுயர்ந்த கேபிள் போட்டா கலர் கூடும்ங்கிறது மட்டும் பொய்.

விண்டோஸ்ல எச்டிஆரை எப்பவும் ஆன்ல வைக்காதீங்க, மத்ததெல்லாம் வெளிறும். விண்டோஸ் 11-ல விண்டோஸ் கீ, ஆல்ட், பி மூணையும் சேர்த்து அழுத்தினா ஆன், திரும்ப அழுத்தினா ஆஃப். 4கே பிளான் எடுத்தும் படம் 4கேயில வரலைன்னா நடுவுல என்ன மாட்டியிருக்கீங்கன்னு பாருங்க. பழைய ஸ்பிளிட்டரோ ரிசீவரோ எச்டிசிபி 2.2 (கேபிள்ல போற படத்தைக் காப்பி பண்ண விடாத பூட்டு) தெரியாததா இருந்தா, அது ஒண்ணே முழு வரிசையையும் கீழ இழுத்துடும். போன்லயும் இதே கதைதான். ஆப்ல வர்ற வீடியோவைக் காக்குற வைட்வைன் பூட்டுல, கீழ்மட்டமான எல்3 மட்டும் இருக்கிற போன்ல பெரும்பாலான ஆப் எச்டியே தராது, ஸ்கிரீன் எவ்வளவு நல்லதா இருந்தாலும் சரி.

சத்தத்துக்கு வருவோம். 5.1 கலவையில (அஞ்சு ஸ்பீக்கருக்கும் ஒரு பாஸ் ஸ்பீக்கருக்கும் பிரிச்சது) வசனம் முக்கால்வாசி நடு ஸ்பீக்கர்லதான் இருக்கும். பெரும்பாலான டிவிக்கு அந்த நடு ஸ்பீக்கரே கிடையாது, இருக்கிற ரெண்டும் பெரும்பாலும் தரையைப் பார்த்து இருக்கும். ஆறு சேனலை ரெண்டுக்குள்ள திணிக்கும்போது வசனம் பின்னணி இசையோட மோதி அமுங்குது. டிவி ஸ்பீக்கர்லதான் கேக்குறீங்கன்னா, ஆப்போட ஆடியோ மெனுவுல 5.1னு போடாத டிராக் இருந்தா அதை எடுங்க, ஸ்டீரியோவுக்குன்னே கலந்தது அது. டிவியில நைட் மோட், ஆட்டோ வால்யூம் மாதிரி ஏதாவது இருக்கும், சத்தத்தோட ஏத்த இறக்கத்தைக் குறைக்கும். வெடிச் சத்தத்தோட வீரியம் போகும்தான், ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு வசனம் புரியுறது முக்கியம். சவுண்ட்பார் வாங்குறதா இருந்தா 2.1-ஐ விட 3.1 எடுங்க. அந்த மூணாவது சேனல்தான் வசனத்துக்கு.

சவுண்ட்பாரை ஆர்க்னு எழுதியிருக்கிற எச்டிஎம்ஐ போர்ட்ல (டிவி சத்தத்தை வெளிய அனுப்புற போர்ட்) மாட்டிட்டு, டிவியோட டிஜிட்டல் அவுட்புட்டை பிசிஎம்ல (சுருக்காத ஒலி) விட்டுட்டா, சாதா ஆர்க்ல ரெண்டு சேனல்தான் போகும். பாஸ்-த்ரூ இல்லைன்னா ஆட்டோவுக்கு மாத்துங்க. ஸ்ட்ரீமிங்ல வர்ற டால்பி அட்மாஸ் (சுத்தியும் மேலயும் கேக்குற ஒலி) சாதா ஆர்க்லயே போகும், ப்ளூ-ரேயோட ட்ரூஎச்டி ஒலிக்குத்தான் ஆர்க்கோட புது வகையான இ-ஆர்க் வேணும்.

பழைய சீரீஸ் பிடிச்சவங்களுக்கு ஒண்ணு. பழைய டிவி அளவான 4:3-ல எடுத்ததை ஸ்கிரீன் நிரம்பணும்னு இப்பத்திய அகல அளவான 16:9-க்கு வெட்டினா மேலயும் கீழயும் படம் போயிடும். 2019-ல டிஸ்னி பிளஸ்ல தி சிம்ப்சன்ஸ் அப்படித்தான் வந்துச்சு. டஃப், டஃப் லைட், டஃப் டிரைன்னு மூணு வகை பீருக்கும் மேல ஒரே குழாயில இருந்துதான் பீர் இறங்குதுங்கிறது ஒரு காட்சியோட நகைச்சுவை. அந்தக் குழாயே வெட்டுல போயிடுச்சு. 2020-ல பழைய அளவுலயும் பார்க்குற வசதி கொடுத்தாங்க, சீரீஸோட டீடெயில்ஸ் பக்கத்துல அதுக்கான ஆப்ஷன் இருக்கும். டிவியிலயும் ஜூம், ஸ்ட்ரெச் எதுவும் வேண்டாம், ஒரிஜினல்ல வையுங்க. பக்கத்துல கறுப்புப் பட்டை நிக்கட்டும், அதனால நஷ்டம் எதுவும் இல்லை.

கையில பழைய டிவிடி இருந்தா கம்ப்யூட்டர்ல விஎல்சிங்கிற பிளேயர்ல போடுங்க. ஆள் அசையும்போது ஓரம் சீப்புப் பல்லா பிரிஞ்சா வீடியோ மெனுவுல டீஇன்டர்லேஸ் ஆன் பண்ணி, மோட்ல யாடிஃப் 2எக்ஸ் எடுங்க. உதடு ஒரு பக்கம் சத்தம் ஒரு பக்கம்னா ஜே, கே ரெண்டு கீ, ஒரு தட்டுக்கு 50 மில்லிசெகண்ட் நகரும். சப்டைட்டில் தள்ளிப் போயிருந்தா ஜி, எச். பிஏஎல் (செகண்டுக்கு 25 ஃபிரேம் ஓடுற டிவி முறை) டிவிடியில 24 ஃபிரேம் சீரீஸை 25-ல ஓட்டியிருப்பாங்க, 4 சதவீதம் வேகம், குரலும் கொஞ்சம் கீச்சுன்னு ஏறியிருக்கும். பிளேபேக் ஸ்பீடை 0.96-க்கு இறக்கினா வேகம் சரியாயிடும். ஆனா விஎல்சி வழக்கமா குரலோட சுருதியை அப்படியே வெச்சுக்கும். குரலும் இறங்கணும்னா ஆடியோ செட்டிங்ஸ்ல டைம்-ஸ்ட்ரெச்சிங் ஆடியோவை அணைச்சுட்டு, விஎல்சியை மூடித் திறந்து ஓட்டுங்க.