காதால் அறியும் இயந்திரம்

நேயர்களுக்கு வணக்கம்.

தபால் தலைகளையோ நாணயங்களையோ பழைய கேமராக்களையோ சேர்ப்பவர்களை யாரும் வியந்து பார்ப்பதில்லை. ஆனால், வாக்குவம் கிளீனர் என்று நாம் பேச்சில் குறிப்பிடும் தூசி உறிஞ்சிகளை அறை நிறையச் சேர்த்து, அவற்றைக் கழற்றித் துடைத்து மீண்டும் ஓடவைத்து மகிழ்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள் என்று சொன்னால், கேட்பவர் முதலில் சிரித்துவிடுவார். அழுக்கை விழுங்குவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. வேலை முடிந்தவுடன் கண்ணில் படாத மூலைக்குத் தள்ளப்படுவது. பழுதானால் தயக்கமின்றித் தூக்கி எறியப்படுவது. அதில் என்ன இன்பம் இருக்க முடியும்?

என் கணிப்பில், ஒரு தனிமனிதர் தொடக்கம் முதல் முடிவு வரை முழுமையாகப் புரிந்துகொள்ளத்தக்க மின் இயந்திரங்கள் வீட்டுக்குள் மிகச் சிலவே. அவற்றுள் முதல் வரிசையில் நிற்பது இது. சலித்துப்போகும் அளவுக்கு எளியதும் அன்று. கைவிட்டுவிடும் அளவுக்குச் சிக்கலானதும் அன்று. போதாததற்கு, தன் நலத்தையும் நோயையும் ஒலியாலேயே சொல்லிவிடுகிறது.

உறிஞ்சுதல் என்று நாம் சொன்னாலும், காற்றை இழுக்கும் சக்தி எதுவும் அதனுள் இல்லை. மோட்டாரோடு இணைந்த விசிறி, உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. சுற்றியுள்ள வளிமண்டலமே தன் அழுத்தத்தால் காற்றையும் அதனோடு தூசியையும் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. வளிமண்டல அழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். வீட்டு இயந்திரம் ஒன்றின் வாயை முழுவதும் அடைத்தால் உள்ளழுத்தம் ஏறத்தாழ 20 கிலோபாஸ்கல் குறையும். ஐந்தில் ஒரு பங்கு குறைவே இவ்வளவு வேலையைச் செய்கிறது.

குழாயை உள்ளங்கையால் அடைத்தால் இயந்திரத்தின் ஒலி உச்சத்துக்கு ஏறுவதை எல்லோரும் கேட்டிருப்போம். மோட்டார் திணறுகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. காற்றோட்டம் நின்றுவிட்டதால் விசிறி தள்ளுவதற்குக் காற்று இல்லை, சுமை குறைகிறது, அதனால் மோட்டார் வேகமெடுக்கிறது, அது இழுக்கும் மின்னோட்டமும் குறைகிறது. ஆனால் உறிஞ்சப்பட்ட காற்றே மோட்டாரையும் குளிர்விக்கும் அமைப்புள்ள இயந்திரங்களில், இந்த நிலை நீடித்தால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும். பை நிறைந்திருக்கிறதா, குழாயில் அடைப்பா, எங்கேனும் காற்றுக் கசிவா என்பதை இயந்திரத்தைத் தொடாமலே, அதன் சுருதியைக் கேட்டே சொல்லிவிடும் பழுதுபார்ப்பவர்கள் உண்டு. அந்தச் செவித்திறனை அடைவதே இந்த ஈடுபாட்டின் முதல் இன்பம் என்பேன்.

சேர்ப்பதற்கு என்ன இருக்கிறது, எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கும் என்று கேட்கலாம். வரலாற்றைச் சற்றுப் பார்த்தால் அந்த எண்ணம் நீங்கும். 1901-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹியூபர்ட் சிசில் பூத் என்ற பொறியாளர் உருவாக்கிய இயந்திரம் வீட்டுக்குள் நுழையவே முடியாதது. பெட்ரோல் எஞ்சினோடு குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களைச் சன்னல் வழியாக உள்ளே விட்டுச் சுத்தம் செய்தார்கள். தம் எண்ணத்தைச் சோதிக்க அவர் ஓர் உணவகத்து நாற்காலியின் மெத்தைமேல் கைக்குட்டையை விரித்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. இருமல் வந்தாலும் கைக்குட்டையில் படிந்த கறை அவருக்கு வேண்டிய விடையைத் தந்துவிட்டது. 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயக் கம்பளங்களைச் சுத்தம் செய்ததும் இந்த வண்டிதான்.

அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கேண்டன் நகரத்து அங்காடி ஒன்றில் துப்புரவுப் பணி செய்துவந்த ஜேம்ஸ் மரே ஸ்பாங்லர், தூசியால் ஆஸ்துமா வாட்டியதால், ஒரு மின்விசிறி மோட்டாரையும் தலையணை உறையையும் துடைப்பக் கம்பையும் இணைத்துக் கையால் தள்ளும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். 1908-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கிய தோல்பொருள் உற்பத்தியாளரின் குடும்பப் பெயர்தான் ஹூவர்.

இதன் பிறகு வடிவங்கள் கிளை கிளையாகப் பிரிந்தன. 1921-இல் வந்த எலக்ட்ரோலக்ஸ் ஐந்தாம் மாடல், சக்கரங்களுக்குப் பதிலாகச் சறுக்குத் தண்டுகளின் மேல் தரையில் இழுபட்டு வரும் உருளை. 1926-இல் ஹூவர் தன் சுழல் தூரிகையில் உலோகத் தட்டுக் கம்பிகளைப் பொருத்தியது. கம்பளத்தைக் காற்றின்மேல் சற்று உயர்த்தி, தட்டி, ஆழத்தில் கிடக்கும் மணலை மேலே வரவழைக்கும் ஏற்பாடு அது. 1936-இல் ஹென்றி ட்ரைஃபஸ் வடிவமைத்த ஹூவர் 150-இன் பேக்கலைட் என்ற பழைய வகைக் கடின பிளாஸ்டிக் மூடி, தொழில்துறை வடிவமைப்பு வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. 1950-களில் வந்த கான்ஸ்டலேஷன் என்ற ஹூவர் மாடல், கோள வடிவில், தான் வெளியேற்றும் காற்றின்மேலேயே மிதந்து வந்தது. தூசியைத் தண்ணீருக்குள் செலுத்திப் பிடிக்கும் ரெயின்போ ஒரு வகை. பளபளக்கும் அலுமினிய உடலோடு, துணைக்கருவிகளை மாற்றினால் தரை மெருகேற்றியாகவும் மாறும் கிர்பி இன்னொரு வகை. ஜேம்ஸ் டைசன் 5,127 முன்மாதிரிகள் செய்து, பை இல்லாமல் சுழற்காற்றால் தூசியைப் பிரித்தார். அவருடைய டிசி01 1993-இல் விற்பனைக்கு வந்தது. ஒரே சிக்கலுக்கு இத்தனை விடைகளா என்று வியக்கும்போதே, அவற்றை அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையும் பிறந்துவிடுகிறது. கம்பளத்தில் மாவைத் தூவி, எந்த விடை சிறந்தது என்று சோதித்துப் பார்ப்பதில் சேகரிப்பாளர்களுக்கு அலுப்பே இல்லை.

இனிப் பழுதுபார்க்கும் மேசைக்கு வருவோம். சேர்ப்பதைவிட இதுவே சுவையானது என்பது என் சொந்தச் சாய்வு. பழைய இயந்திரத்தைக் கையில் எடுத்தவுடன் மின்சாரத்தைக் கொடுத்துப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்வதுதான் முதல் ஒழுக்கம். ரப்பர் உறையிட்ட பழைய வயர் வளைத்தாலே பொடிப்பொடியாக உதிரும். உலோக உடல் கொண்ட பழைய மாடல்கள் பலவற்றில் எர்த் இணைப்பே இருக்காது. வயரை மாற்றி, மின்காப்பை அளக்கும் மெக்கர் என்ற கருவி கொண்டு சோதித்த பிறகே ஓடவிட வேண்டும். வேறு நாட்டிலிருந்து வந்த இயந்திரமானால், அது 120 வோல்ட்டுக்கு உரியதா 230 வோல்ட்டுக்கு உரியதா என்று பார்க்காமல் செருகிவிட்டால், சேகரிப்பில் புகையும் ஒரு பகுதியாகிவிடும்.

பிறகு கழற்றுதல். திருகுகளை எடுத்த வரிசையிலேயே அடுக்கி வைத்துக்கொண்டு, பல பத்தாண்டுத் தூசியை நீக்கினால், உள்ளே யுனிவர்சல் மோட்டார் தென்படும். நேர் மின்சாரத்திலும் மாறு மின்சாரத்திலும் ஓடக்கூடிய மோட்டார் இது. மின்னோட்டத்தின் திசை மாறும்போது அசையாமல் நிற்கும் கம்பிச்சுருளான ஃபீல்டு காயிலிலும், சுழலும் கம்பிச்சுருளான ஆர்மேச்சரிலும் சேர்ந்தே மாறுவதால், சுழலும் திசை மாறுவதில்லை. ஆர்மேச்சரோடு சேர்ந்து சுழலும் செம்புப் பட்டை வளையமான கம்யூட்டேட்டரோடு உரசி மின்சாரத்தைக் கடத்துபவை கார்பன் பிரஷ்கள் என்ற இரண்டு சிறு கரித்துண்டுகள். தேய்வதற்கென்றே வைக்கப்பட்ட பாகம் அவை. தேய்ந்ததும் மாற்றிவிட்டால் மோட்டார் மீண்டும் இளமையாகிவிடும். புதிய பிரஷ்ஷின் முனை கம்யூட்டேட்டரின் வளைவுக்குப் பொருந்தும் வரை சற்றே கூடுதலாகத் தீப்பொறி தெறிக்கும்; சிறிது நேரம் ஓடியபின் அது அடங்கும். அடங்காமல் வளையமாகச் சுற்றித் தீப்பொறி வந்தால், ஆர்மேச்சர் வைண்டிங்கில் கோளாறு என்று ஐயப்பட வேண்டும்.

இந்தத் தீப்பொறிக்கும் வானொலிக்கும் பழைய பகை உண்டு. மத்திய அலையில் நிகழ்ச்சி கேட்டுக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையில் தூசி உறிஞ்சி ஓடினால் கரகரப்பு எழுவது இதனால்தான். அதைத் தடுப்பதற்காக மோட்டாரோடு சிறு கெப்பாசிட்டர் ஒன்றை இணைத்திருப்பார்கள். பழைய இயந்திரத்தில் அதையும் மாற்றிவிடுவது நல்லது.

மற்றவை பெரும்பாலும் எளியவை. இறுகிப்போன பழைய கிரீஸைத் துடைத்துப் புதியது இட்டால் பேரிங்கின் முனகல் நிற்கும். தூசி விசிறியின் வழியாகவே பைக்குச் செல்லும் அமைப்பில், உள்ளே புகுந்த கல்லோ நாணயமோ விசிறி இதழை உடைத்திருக்கும். இயந்திரம் அதிர்ந்தால் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள். கிடைக்காத பாகத்துக்காக இன்னொரு செத்த இயந்திரத்தை வாங்கி, அதைக் கழற்றும்போது மனம் மாறி அதையும் பிழைக்கவைத்துவிடுவதால்தான் பல சேகரிப்புகள் பெருகுகின்றன என்று தோன்றுகிறது.

சேகரிப்பாளர்களுக்குள் தீராத வழக்கு ஒன்றும் உண்டு. அலுமினியத்தைக் கண்ணாடிபோல் மெருகேற்றிப் புதிய பையும் புதிய வயரும் பூட்டிவிடுவோர் ஒரு பக்கம். கீறலும் மங்கலும் இயந்திரம் உழைத்ததற்குச் சான்று, மின்காப்பைத் தவிர எதையும் தொடக் கூடாது என்போர் மறு பக்கம். நான் இரண்டாம் பக்கத்தவன். ஆனாலும் மெருகேற்றிய கிர்பியைப் பார்த்தால் கொஞ்சம் தடுமாறுவேன்.

பழைய இயந்திரங்களின் பெரும்பகுதி சில நூறு வாட் மின்சாரத்திலேயே கம்பளங்களைச் சுத்தம் செய்தன. சுழல் தூரிகையும் காற்றோட்டமும் சரியாக அமைந்தால் அதுவே போதும். பிற்காலத்தில் வாட் எண்ணையே வலிமையாகக் காட்டி விற்கும் போட்டி வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு 2014-இல் 1,600 வாட் என்றும் 2017-இல் 900 வாட் என்றும் வரம்பு விதித்தது. மோட்டார் 500 மணி நேரமாவது உழைக்க வேண்டும், குழாய் 40,000 முறை வளைத்த பின்னும் பயன்பட வேண்டும் என்றும் கேட்டது. பழுதுபார்ப்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததைச் சட்டம் எண்களில் எழுதியது எனலாம். திருகே இல்லாமல் பிளாஸ்டிக் கொக்கிகளால் பூட்டி, பேட்டரியை உள்ளேயே அடைத்துவிடும் புதிய மாடல்களைத் திறப்பது மட்டும் இன்னும் பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்.

தொடங்கிப் பார்க்க விரும்புவோர், திருகுகளால் பூட்டப்பட்ட, பை உள்ள, பாகங்கள் இன்றும் கிடைக்கும் ஒரு சாதாரண மாடலை எடுத்துக்கொள்வது நல்லது; அரிய மாடல் முதல் பாடத்துக்கு உகந்ததன்று. செருகியைப் பிடுங்கிவிட்டு, சுழல் தூரிகையில் சுற்றியிருக்கும் முடியையும் நூலையும் வெட்டி எடுத்து, தளர்ந்துபோன ரப்பர் பெல்ட்டை மாற்றுங்கள். கைவிடப்பட்ட இயந்திரங்கள் பலவற்றுக்கு வேண்டியிருப்பது அவ்வளவுதான்.