புகைக்கு முதலில் வழி

அவையோருக்கு வணக்கம். ஏவுகணை கிளம்பும்போது எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறோம். இன்று கொஞ்சம் குனிந்து பார்ப்போம். அதைத் தள்ளிவிட்ட வாயு எங்கே போகிறது?

திட எரிபொருளில் பெரும்பாலும் எரிவது அம்மோனியம் பெர்குளோரேட்டும் அலுமினியத் தூளும். வெளிவரும் வாயு எஃகை உருக்கும் சூடு. அதில் கலந்துள்ள அலுமினிய ஆக்சைடு துகள்கள் சுவரை அரிக்கும். ஹைட்ரஜன் குளோரைடு ஈரம் பட்டால் அமிலமாகும். வெட்டவெளியில் இதெல்லாம் காற்றோடு போய்விடும். ஏவுகணையை நிறுத்திவைக்கும் நிலத்தடிக் குழிக்குள் போக்கிடம் ஏது?

அமெரிக்காவின் டைட்டான் 1 ஏவுகணையை லிஃப்டில் மேலே தூக்கி நிறுத்தித்தான் ஏவினார்கள். டைட்டான் 2 குழிக்குள்ளிருந்தே கிளம்பியது. அடியில் தீயை இரண்டாகப் பிரித்துத் திருப்பும் அமைப்பு, இரு பக்கமும் தரைமட்டம் வரை புகைப்போக்கிகள், கூடவே நீர்த்தெளிப்பு. தண்ணீர் சூட்டுக்கு மட்டுமல்ல, சத்தத்துக்கும்தான். சுவரில் மோதித் திரும்பும் ஒலியலையே ஏவுகணையைச் சேதப்படுத்திவிடும்.

அமெரிக்காவின் இன்னொரு ஏவுகணையான, திட எரிபொருள் கொண்ட மினிட்மேனின் வடிவமைப்பாளர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். புகைப்போக்கியே வேண்டாம், சுவருக்கும் ஏவுகணைக்கும் இடையிலுள்ள இடைவெளி போதும், தன் தீயைத் தானே கிழித்துக்கொண்டு போகட்டும் என்றார்கள். 1959இல் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில், கயிற்றில் கட்டிய ஏவுகணையைக் குழிக்குள்ளிருந்து பற்றவைத்துச் சோதித்தார்கள். 1961 ஆகஸ்டில் நடந்த முதல் முழு ஏவல் தோற்றது, நவம்பரில் வென்றது. குழி சிறுத்தது, செலவும் குறைந்தது. இத்துறையில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இதுதான்: ஒரு பாகத்தைச் சேர்த்து அல்ல, எடுத்துவிட்டுச் சிக்கலைத் தீர்த்தார்கள்.

கப்பலில் இந்தத் துணிச்சல் செல்லாது. பக்கத்துக் குழாயில் இன்னொரு ஏவுகணை நிற்கிறதே! போர்க்கப்பல்களில் உள்ள மார்க் 41 ஏவு அமைப்பில், ஒரு தொகுதியின் எட்டு ஏவுகணை அறைகளுக்கும் அடியில் பொதுவான ஒரு வாயு அறை. இரண்டு வரிசைகளுக்கு நடுவே ஒரே புகைப்போக்கி. உட்சுவரில் தானே கருகி உதிர்ந்து வெப்பத்தைக் கொண்டுபோகும் பூச்சு. இதில் கடினமான கணக்கு, ஏவுகணை கிளம்புவதல்ல. பற்றிக்கொண்டும் கிளம்பாமல் மாட்டிக்கொள்வது. சில விநாடிகளில் வெளியேற வேண்டிய தீ, எரிபொருள் தீரும்வரை அங்கேயே கொட்டும். 2018 ஜூனில் ஜெர்மனியின் சாக்சன் போர்க்கப்பலில் அதுதான் நடந்தது. மேல்தளத்தின் முன்முகம் கருகியது, இரண்டு மாலுமிகளுக்கு லேசான காயம். கப்பல் தப்பியது.

‘அப்படியானால் வெளியே தள்ளிவிட்டு, பிறகு பற்றவைக்கலாமே?’ என்பீர்கள். செய்கிறார்கள். சோவியத்தின் வான்காப்பு ஏவுகணையான எஸ்-300 அப்படித்தான்; அழுத்த வாயு ஏவுகணையை மேலே எறியும், என்ஜின் ஆகாயத்தில் பற்றும். புகைப்போக்கித் தொல்லை பெருமளவு தீர்ந்தது. ஆனால் ஆகாயத்தில் என்ஜின் பற்றவில்லை என்றால், எறிந்த ஏவுகணை நிறைந்த எரிபொருளோடு எறிந்தவர் தலையிலேயே விழலாம்.